பேணியை விட்டு இறங்கிய செடிகள்

தகரப் பேணிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தில்தான் பூச்செடித் தொழில் எனக்குத் தொடங்கியது. அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள் இந்தியாவுக்குப் போகிறார்கள் என்று லொறி வந்து நின்றது. பெட்டி, பாய், அம்மிக்கல் எல்லாம் ஏறிய பிறகு, அந்த வீட்டு அக்கா தான் ஜெரேனியம் வளர்த்த ஏழெட்டுப் பால்மாப் பேணிகளை, அந்தக் காலிப் பால்பவுடர் டின்களை, கம்பியில் கோத்து லொறியின் பின்பலகையில் கட்டினார். கப்பலில் செடி ஏற்ற விடமாட்டார்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. லொறி வளைவில் திரும்பி மறைந்த பிறகும் பேணிகளின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. தாளத்துக்கு அடங்காத சத்தம். அதனாலோ என்னவோ இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

லயத்து வாசலில் செடி பேணியில்தான் இருக்கும். மண் தேயிலைத் தோட்டத்துடையது, பேணி நம்முடையது. காம்பரா மாற்றினால் தூக்கிக்கொண்டு போகலாம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முப்பத்தொரு வருடம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்கார முடியாமல் இந்தத் தொழிலில் இறங்கினேன். கொட்டகலைக்கு மேலே, பெரிய ரோட்டோரத்தில், காலமான என் கணவர் வாங்கிய வீடு இருக்கிறது. அதன் பின்னால் சரிவில் படிபடியாக நாலு பாத்தி. அதற்கும் கீழே தேயிலை, தேயிலைக்கும் கீழே பணிய லயம். அந்த லயத்திலிருந்து ராசாத்தி தினமும் காலையில் ஏறி வருவாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். ஆயுள் முழுதும் கொழுந்து எடுத்துவிட்டு, வயதாகித் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிய பிறகு என்னிடம் வந்தவள். புருஷன் இல்லை, ஒரே மகன் மலைக்குக் கீழே, சூடான பொல்பிட்டியவில் இருக்கிறான். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. எழும்பிப் போ என்று யாரும் சொல்ல முடியாத ஒரு துண்டு மண்ணில் தன் ரோசாவை நட வேண்டும். அதற்காக அவள் காத்திருந்த கதைதான் இது. இடையிடையே வாடிக்கையாளர்களும் வருவார்கள். நீங்களும் செடி விற்றுப் பிழைப்பவராக இருந்தால், மழை இருட்டும்போது ஒரு சட்டியை நாலு தரம் இடம் மாற்றுபவராக இருந்தால், மேலே படியுங்கள். என் அவதி உங்களுக்குப் புரியும்.

மட்டம் பார்த்து வெட்டியவர்

முதல் வருடம் எனக்கு இடுப்பு வலி. அசேலியாவும் ரோசாவும் தாறுமாறாக வளர்ந்து கிடந்தன. ராசாத்தி தன் மச்சான் முறைக்காரர் முத்தையாவைக் கூட்டிவந்தாள். அந்த டிவிசனிலேயே அவரைப் போலக் கவ்வாத்து வெட்ட ஆள் இல்லை என்றாள். தேயிலையைக் கத்தியால் அடித்து இறக்கும் வேலைக்குத்தான் எங்கள் பக்கம் கவ்வாத்து என்று பெயர். அந்த நினைப்பே இல்லாமல், கொஞ்சம் கவ்வாத்துப் பண்ணிவிடுங்கள் என்று நானும் அதே சொல்லைச் சொல்லிவிட்டு, கொட்டகலை கடைவீதிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் பாத்தி முழுவதும் மேசை போட்டது மாதிரி இருந்தது. பன்னிரண்டு அசேலியாவும் இருபது ரோசாவும் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டம். குறுக்கே கம்பு வைத்து மட்டம் பார்த்திருக்கிறார். வெட்டிய கிளைகளையே எடுத்து, வெயில் சுடாமல் இருக்க வெட்டுவாய்களின் மேல் பரத்தியும் வைத்திருந்தார். தேயிலைக்கு அப்படித்தான் செய்வார்கள். அந்தக் கிளைகளில் மறுவாரம் விரிய வேண்டிய மொட்டுகள் இருந்தன. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த முத்தையா கத்தியைச் சாக்கில் துடைத்துக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீங்க டீச்சர். மூணு மாசத்துல கொழுந்து எடுக்கலாம்."

ராசாத்தியின் விரல்கள்

ராசாத்தி செடிகளுக்கு நடுவே நடந்தால் அவளுடைய இரண்டு கையும் அவளைக் கேட்காமல் வேலை செய்யும். வாய் லயத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். விரல்கள் ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முதுகில் இல்லாத கூடைக்குள் எறிந்துகொண்டே போகும். அவள் கடந்து போன வழி முழுவதும் பச்சைத் துளிர் கிடக்கும். செவந்திக்கு இது நல்லது. நுனி கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். அந்த வருடம் எங்கள் செவந்தியைப் பார்த்து ஆட்கள் என்ன உரம் என்று கேட்டார்கள். நான் மெல்லச் சிரித்துவைத்தேன்.

டேலியாவில்தான் வந்தது வினை. ஹட்டனில் இருக்கும், தோட்டத்து ஆபீஸில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிளாக்கர் ஒருவர் நுவரெலியா சீசன் பூக்கண்காட்சிக்கு ஒரு டேலியா சொல்லிவைத்திருந்தார். ஒரே தண்டு, ஒரே மொட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரே பூ. மூன்று மாதம் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன். மொட்டு கோலிக்குண்டு அளவு வந்த அன்று ராசாத்தி மகனுடைய கல்யாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போனாள். அவ்வளவுதான். கிளாக்கர் வந்தபோது பக்கக் கிளைகளில் சின்னச் சின்னதாகப் பதினாறு பூ இருந்தது. ஒன்று கேட்டால் பதினாறு தருகிறீர்களே, இது கடையா கோயிலா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார். நான் ராசாத்தியைப் பார்த்தேன். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாந்தாங்க டீச்சர் பேர் வெட்டிக்கிட்டேன். கை இன்னும் வேலைக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்கு."

கல்லறைக்கு நீலம்

தேயிலை மண் புளிப்பு மண். அதில் ஹைட்ரேஞ்சியாவை வைத்தால் நீலமாகப் பூக்கும். அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ சேர்ந்தால் அதே செடி ரோஸ் நிறத்துக்குப் போய்விடும். தொழில் ரகசியம் ஒன்றுமில்லை, உங்களுக்கும் தெரிந்ததுதான்.

நோர்வூட் பக்கத்திலிருந்து அருளப்பன் என்று ஒரு லொறி டிரைவர் வந்தார். மனைவி இறந்து ஆறு மாதம். அந்த அம்மாவுக்கு நீலம் பிடிக்கும், கல்லறைத் திருநாளுக்கு முன் தலைமாட்டில் நட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நல்ல நீலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மறுவருடம் கோபமாக வந்தார். நீலம் என்று சொல்லி ரோஸைக் கொடுத்துவிட்டீர்களே, அவள் கடைசிவரை ரோஸ் நிறச் சேலையே கட்டவில்லை என்றார். கல்லறைக்கு வெள்ளை அடித்தீர்களா என்று கேட்டேன். மாதாமாதம் அடிக்கிறேன் என்றார். அந்தச் சுண்ணாம்பு மழையில் கரைந்து வேருக்கு இறங்கியதைச் சொன்னேன். இனிமேல் மண்ணில் நடாதீர்கள், சட்டியோடு வையுங்கள், சட்டியில் இருக்கும்வரை நிறம் மாறாது என்றும் சொன்னேன்.

அவர் பாத்திகளுக்கு நடுவே இறங்கி நடந்தார். கோபம் போய்விட்டது. இன்னொரு நீலத்தைச் சட்டியோடு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அவளும் அப்பிடித்தாங்க டீச்சர். பொண்ணு பாக்கப் போனன்னைக்கு ஒரு நெறம், நம்ம வீட்டுக்கு வந்தப்பொறம் ஒரு நெறம்."

ஒரு நாள் தோட்டம்

பணிய லயம் சரிவில் இருக்கிறது, பாதுகாப்பில்லை, வேறிடத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்ற பேச்சு நான் வேலையில் இருந்த காலத்திலேயே உண்டு. ஒருநாள் உண்மையாகவே அடிக்கல் நாட்டு விழா என்றார்கள். அடுத்த மலையில் ஒரு சமதரையில் முளை அடித்துக் கயிறு கட்டி வீட்டு மனைகளைப் பிரித்திருந்தார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்து, பூத்த சட்டியாக எண்பது வேண்டும், சட்டி தெரியாமல் விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிட்டால் தோட்டம் மாதிரி இருக்கும், படம் பிடிப்பார்கள் என்றார்கள்.

நானும் ராசாத்தியும் லொறியில் போய்ப் புதைத்தோம். அவளுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. எது தன்னுடைய மனை என்று கேட்காத ஆள் இல்லை. அந்த எண்பதில் நாலு ரோசாவை ஒருவர் கைகாட்டிய சதுரத்தில் வைத்தாள். மறுநாள் பெரியவர்கள் வந்தார்கள், பேசினார்கள், கல்லைத் திறந்தார்கள், போனார்கள். அதற்கு மறுநாள் சட்டிகளை எடுக்கப் போனோம். எண்பதும் எடுத்தாயிற்று, எண்பது குழி வாய் திறந்து கிடந்தது. இடத்தைப் பழையபடி செய்து கொடுப்பது என் வழக்கம். மண்வெட்டியை எடுத்தேன். அவளுடைய சதுரத்துக்கு வந்தபோது ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நாலையும் மூட வேணாங்க. வீடு வந்ததும் திரும்பத் தோண்டணும்ல."

கொழும்பு அம்மாவின் கேள்வி

சீசனுக்கு வந்த சிங்களப் பெண்மணி ஒருவர் ஒரு வெள்ளை ஹைட்ரேஞ்சியா வாங்கிப் போனார். கொழும்புச் சூட்டில் அது இலை விட்டதே தவிரப் பூக்கவில்லை. மறு ஏப்ரலில் சட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்து என்னிடம் கொண்டுவந்து விட்டார். இங்கே இருந்த ஆறு வாரத்தில் அது தலை நிறையப் பூத்தது. சந்தோஷமாகக் கொண்டுபோனார். அடுத்த வருடமும் அதே கதை. செடிக்கு வருடா வருடம் லீவு கொடுத்து மலைக்கு அனுப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். இது மண்ணோ உரமோ இல்லை, குளிர்தான் காரணம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான்கு வருடம் விளக்கினேன். ஐந்தாம் வருடம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் கேட்டார்: "நான் அதுக்கிட்டச் சிங்களத்துல சொல்லிப் பாத்தேன், இங்கிலிஷ்லயும் சொல்லிப் பாத்தேன். நீங்க தமிழ்ல என்னதான் சொல்றீங்க?"

பேணியை வெட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

அடிக்கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்தது. முளைகளை யாரோ விறகுக்குப் பிடுங்கிப் போனார்கள். ராசாத்தி அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள். அவள் காம்பரா வாசலில் இருபத்திமூன்று பேணி இருந்தது. ரோசா, ஜெரேனியம், டேலியா, நான் கொடுத்த வெள்ளை அசேலியா ஒன்று. எல்லாம் குட்டையாக, இலை வெளிறி, பூத்தும் பூக்காமலும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடியாது. வீடு வரும்வரை ஏன் காத்திருக்கிறாய், வாசலிலேயே மண்ணில் இறக்கு என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் பிடி கொடுக்கவில்லை. நாளைக்கே கிளம்பு என்றால் என்ன பண்ணுவது என்று கேட்டாள். அறுபது வருடமாக இந்தக் காம்பராவில் இருக்கிறாய், யார் கிளம்பச் சொல்லப் போகிறார்கள் என்றேன். கற்பித்துக் கற்பித்துப் பழகிய வாய். எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்ளும்வரை நிறுத்தாது. கடைசியில் அவளுடைய ரோசாப் பேணி ஒன்றைத் தலைகீழாகத் தட்டி வெளியே எடுத்துக் காட்டினேன். மண்ணே தெரியவில்லை. வேர் வட்டம் வட்டமாகச் சுற்றி, பேணியின் அச்சிலேயே இறுகி, தன்னைத் தானே நெரித்துக்கொண்டிருந்தது. ராசாத்தி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தவள் அவள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பேணிகளை வெட்டித் திறந்து எல்லாவற்றையும் வாசல் ஓரத்து மண்ணில் இறக்கினோம். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். வெட்டிய பேணிகள் பழைய இரும்புக்காரனுக்குப் போயின. பக்கத்துக் காம்பராக்காரர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பேணிகளைத் திறந்தார்கள். நாலு மாதத்தில் லயத்தின் நீளத்துக்கும் பூ. ரோசா கிளைகள் என் இடுப்பு உயரம் வந்தன. ஒரு மாலை என்னைக் கூப்பிட்டுக் காட்டி ராசாத்தி சொன்னாள்: "பாருங்க டீச்சர், கால நீட்டிப் படுத்திருக்கு."

தண்ணீர் குடித்த பாத்தி

அதற்குப் பிந்திய வருடம் என்னுடைய கடைசிப் பாத்தி, கீழ் ஓரத்தில் இருப்பது, எப்போது பார்த்தாலும் காய்ந்து கிடந்தது. மேலே மூன்று பாத்தியும் ஈரமாக இருக்க அது மட்டும் வெடித்தது. டேலியா இலைகள் தொங்கின. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். தனக்கென்று தோட்டம் வந்த பிறகு ராசாத்திக்கு என் பாத்தி கண்ணுக்குத் தெரியவில்லை, மேலே மூன்றுக்கும் ஊற்றிவிட்டு நாலாவதை ஏமாற்றுகிறாள். இதை மனதில் வைத்திருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன், அதுவும் இரண்டு வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய் என் கண் முன்னால் பத்து வாளி ஊற்றினாள். ஊற்ற ஊற்றத் தண்ணீர் நிற்கவேயில்லை. பாத்தி நிறைய வேண்டிய தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. நான் டேலியாவுக்கு முட்டுக்கொடுத்த மூங்கில் குச்சியை உருவி அந்த இடத்தில் குத்தினேன். குச்சி முழுவதும் இறங்கியது, அதன் பின்னே என் கை முழங்கை வரை இறங்கியது. இலைகளை விலக்கிப் பார்த்தோம். நாலு விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு, பாத்தியின் நீளத்துக்கும் ஓடி, இரண்டு பக்கமும் தேயிலைக்குள் போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கீழே, புகை வந்துகொண்டிருந்த பணிய லயத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊத்துனேங்க டீச்சர், தெனமும் ஊத்துனேன். அம்புட்டும் எங்க லயத்துக்கு அடியிலதான் போயிருக்கு."

அரை மணி நேரம்

வெடிப்பைப் பற்றி எழுதிக் கொடுத்தோம். வந்து பார்த்தார்கள், இரண்டு பக்கமும் கம்பி நட்டு அளந்தார்கள், மழை கடுமையானால் சொல்கிறோம் என்றார்கள். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதை அன்றே நிறுத்தினேன். அந்த மாதங்களில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சட்டிகளை மேலே ஏற்றுவேன், பிறகு இறக்குவேன். கூரைத் தகரத்தில் நாலு தூறல் விழுந்தால் குடையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கம்பிகளின் இடைவெளியைச் சாணால் அளப்பேன். ராசாத்தி மட்டும் வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் கிள்ளி, வழக்கம்போலக் கதை சொன்னாள்.

மூன்று நாள் விடாமல் பெய்த மழையின் மூன்றாம் நாள் காலையில் கிராம சேவகரும் இரண்டு அதிகாரிகளும் வந்து, லயத்திலிருக்கும் எல்லாரும் அரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டும், கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுங்கள் என்றார்கள். எனக்குக் கேட்டதும் நானும் இறங்கிப் போனேன். மேட்டுப் பாதையில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிவி, புத்தகப் பை, சாமி படம், கேஸ் சிலிண்டர், காலைக் கட்டிய கோழிகள். எவர் கையிலும் பேணி இல்லை. அந்த நேரத்தில், அந்த மழையில், என் காது பேணிச் சத்தத்தைத் தேடியது. ஒரு பேணியாவது மற்றொன்றில் இடித்திருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும்.

ராசாத்தி அடையாள அட்டையும் பத்திரங்களும் வைத்த பையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு சோற்றுப் பானையோடு வாசலில் நின்றாள். போகலாம் வா என்றேன். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு ரோசாவின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். முள்ளைப் பற்றி அவள் நினைக்கவில்லை. இழுத்தாள். காலை ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். பேணியில் இருந்திருந்தால் ஒரு கையில் தூக்கியிருப்பாள். இப்போது செடி அசையவேயில்லை. மண்வெட்டி எடுத்து வரவா என்று கேட்டேன், கேட்கும்போதே அதிகாரி பின்னாலிருந்து சத்தம் போட்டார். ராசாத்தி தண்டை விட்டாள். உள்ளங்கையை மழையில் நீட்டிக் கழுவினாள். என்மேல் கோபம் இருந்திருந்தால் அதைத் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைதான் இருந்தது. "நல்லாத்தான் வேர் விட்டிருக்குங்க டீச்சர்."

பிறகு

மலை சரியவில்லை. இதை எழுதும் இந்தக் காலைவரை சரியவில்லை. ஆனால் லயத்தைப் பூட்டி, மஞ்சள் நாடா கட்டி, மறு அறிவித்தல் வரும்வரை யாரும் போகக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆட்கள் ஒரு மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்கள், நான் முன்பு கற்பித்த அதே மண்டபம். பிறகு சொந்தக்காரர்களைத் தேடி ஒவ்வொரு பக்கமாகப் போய்விட்டார்கள். என் மூன்றாவது பாத்தியிலிருந்து பார்த்தால் பூட்டிய கதவுகளின் வரிசையும் அதன் முன்னால் பூவின் வரிசையும் தெரியும். கிள்ள ஆள் இல்லாததால் எல்லாம் தலைக்குமேல் வளர்ந்து, இந்த வருடம் போல் எந்த வருடமும் பூத்ததில்லை. அதைப் பார்க்காமல் உட்காரலாம் என்று நாற்காலியை வீட்டு முன்பக்கம் போட்டேன். அரை மணிக்கொரு தரம் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறேன்.

ஒருநாள் நாடாவுக்கு வெளியே நீண்டிருந்த ராசாத்தியின் ரோசாக் கிளையிலிருந்து இரண்டு குச்சி வெட்டினேன். வேர் பிடித்ததும் ஈரச் சாக்கில் சுற்றிப் பொல்பிட்டியப் பக்கம் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். கூடவே நான் தேர்ந்தெடுத்த டேலியாக் கிழங்கும். போனில் பேசினாள். மகன் வீடு வாடகை வீடு, முற்றம் சிமெந்து, சூடு தாங்க முடியவில்லை என்றாள். டேலியா இலைதான் விடுகிறது என்றாள். வீட்டுக்காரரிடம் கேட்டு மூலையில் ஒரு சாண் மண் தோண்டிக்கொள்ளலாமே என்று என் பழைய வாய் தொடங்கியது. அவள் முடிக்க விடவில்லை: "இல்லங்க டீச்சர். பேரப்புள்ளயோட பால்மாப் பேணியெல்லாம் வீசாதன்னு மருமககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

எந்தச் செடிக்கு எந்த மண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நான், ஒரு மனுஷிக்குச் சொன்ன ஒரே யோசனை தவறிப்போனதுதான் இந்தத் தொழிலில் என் பெயர் சொல்ல மிஞ்சியிருப்பது. ராசாத்தி இப்போது பொல்பிட்டியவில் மகனோடு இருக்கிறாள். அவள் வாசலில் ஏழு பேணி இருக்கிறது, இரண்டில் ரோசா பூத்துவிட்டது.